மறதியுள்ள பிள்ளையும் ரமழான் நோன்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ராகலையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு 16 வயது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த, மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என அழைக்கும் நிலை அவனுக்குண்டு. ரமழான் பிறந்ததும் எவரிடமும் கூறாது மாத்திரையை நிறுத்திவிட்டான். மூன்றாம் நாள் பாடசாலைக் குழாயடியில் தன்னை மறந்து நீர் அருந்தினான். "ஈமான் இருந்தால் இப்படி மறக்குமா?" என்று வாப்பா ஏசினார். மறுநாள் முதல் அவன் நோன்பையே விட்டுவிட்டான்.

அந்த ஏச்சு மார்க்கத்திலிருந்து வந்ததன்று. மறதியாக உண்டவர் அல்லது பருகியவர் தம் நோன்பைப் பூர்த்தி செய்யட்டும் என்றும், அவருக்கு உணவளித்தவனும் நீர் புகட்டியவனும் அல்லாஹ்வே என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அந்த நோன்புக்குக் களாவும் இல்லை. நினைவு வந்த கணத்தில் வாயிலுள்ளதை உமிழ்ந்துவிட வேண்டும், அவ்வளவே. ஆனால், "எப்படியும் முறிந்துவிட்டது" என்றெண்ணி ஒரு பணிஸையும் வாங்கி உண்பதே தவறு. இத்தகைய பிள்ளைகள் அவசரத்தில் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். ஆகவே அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உலகளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பிள்ளைகளிடம் காணப்படும் இந்நிலை சோம்பலுமன்று, ஜின் தீண்டியதுமன்று. மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. பெரும்பாலும் பரம்பரை வழி வருவது. வாப்பாவுக்கும் சிறுவயதில் இது இருந்திருக்கக் கூடும்! அதேவேளை இது புத்தி சுவாதீனத்தை நீக்குவதுமில்லை. எனவே பருவமடைந்த பிள்ளைக்கு நோன்பு கடமையே.

எஞ்சியிருப்பது மருந்து. நம் நாட்டில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை 13 மணித்தியாலத்துக்கும் சற்று அதிகமாகும். மெதில்பெனிடேட்டின் குறுகியநேர மாத்திரை ஏறத்தாழ 4 மணித்தியாலமே வேலை செய்யும். ஸஹரில் விழுங்கினால் இரண்டாம் பாடவேளைக்குள் அதன் பயன் தீர்ந்துவிடும். நீண்டநேர மாத்திரை, வகையைப் பொறுத்து, 8 முதல் 12 மணித்தியாலம் நிற்கும். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. இப்தாருக்குப் பின் அதை விழுங்கினால் உறக்கம் கெட்டு ஸஹரும் தவறும். அட்டமொக்ஸெட்டின் நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளக் கூடியதாயினும், முழுப் பயன் தெரிய வாரங்கள் செல்லும். ஆதலால் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைச் சந்தியுங்கள். எந்த மாற்றத்தையும் அவரே செய்ய வேண்டும்.

பகலிலும் மருந்து இன்றியமையாதது, விட்டால் தீங்கு நேரும் என நம்பகமான மருத்துவர் கூறினால்? நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் எனவும், அல்லாஹ் நமக்கு இலகுவையே நாடுகிறான் எனவும் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் உணர்த்துகின்றன. களாவா, பித்யாவா என்பதை மருத்துவரின் கருத்தோடு சென்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். வேலைக்குச் செல்லும் இளைஞர்களே, தீங்கு என்பது பரீட்சைப் புள்ளி மட்டுமன்று. மருந்தை நிறுத்திவிட்டு, மஃரிபுக்கு முந்திய களைப்பில், கந்தப்பளை வழியே வளைந்து செல்லும் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

ஸஹரில் முதலில் உணவு, பின்னரே மாத்திரை. மாத்திரை பசியைக் குறைத்துவிடும். முட்டை, பருப்பு, கடலை நல்லவை. தேயிலை விளையும் ஊரில் தேநீரைக் குறைக்கச் சொல்வது கடினந்தான். ஆயினும் தராவீஹுக்குப் பின் அருந்தும் கடுந்தேநீர் உறக்கத்தைத் திருடும். திடீரென விட்டால் தலைவலி வரும். ஷஃபானிலேயே ஒவ்வொரு கோப்பையாகக் குறையுங்கள்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறையுண்டு. தமிழ், சிங்களப் பாடசாலைகளில் கற்கும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை. நண்பர்கள் உண்ணும் இடைவேளைதான் அவர்களுக்குச் சோதனை. கைக்கடிகாரத்தை மற்றக் கைக்கு மாற்றிக் கட்டுங்கள். கண்ணில் படும்போது நினைவு வரும். அருகிலிருக்கும் நண்பனிடம், அவன் எம்மதத்தவனாயினும், சொல்லி வையுங்கள். அவன் நன்றாகவே காவலிருப்பான்.

பருவமடையாத சிறுவர்க்கு நோன்பு பயிற்சியே. ஆஷூரா நோன்பில் அழுத பிள்ளைகளுக்குக் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை கவனத்தைத் திருப்பியதாக ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த ஸஹாபிப் பெண்கள் பிள்ளையை ஏசவில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். துடிப்புள்ள பிள்ளைக்கு அஸருக்குப் பின் கஞ்சிக் கோப்பைகளை அடுக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

இந்நிலை இருக்குமோ எனச் சந்தேகிப்போர் அரசாங்க வைத்தியசாலையின் உளநல மருத்துவப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.