சூரியகாந்தி என்னும் எண்ணெய்ப் பயிர்

சூரியகாந்தி என்றவுடன், தோட்டத்து வேலியோரத்தில் அழகுக்காக நிற்கும் மலரையே நம்மவர் நெடுங்காலம் நினைத்து வந்தனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதன் பெயர்களில் ஒரு வேடிக்கை தென்படுவதுண்டு. புணே நகரத்து மராத்தியர் இதைச் ‘சூர்யபூல்’ என்பர். இந்தியிலோ ‘சூரஜ்முகி’, அதாவது, கதிரவனை நோக்கும் முகத்தையுடையது. ஆனால் அப்படி நோக்குவதெல்லாம் இளமையில்தான். மொட்டுப் பருவத்தில் காலையில் கிழக்கும் மாலையில் மேற்குமாகத் திரும்பும் தலை, நன்கு மலர்ந்தபின் கிழக்கு நோக்கியே நின்று விடுகிறது. முதியோர் கழுத்தும் அப்படித்தானே!

வட அமெரிக்காவில் பிறந்த இச்செடியைப் பெரும் எண்ணெய்ப் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் ரஷ்ய நாட்டார். நம் நாட்டில் சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், 1969ஆம் ஆண்டில், சோவியத் நாட்டிலிருந்து பெரெடோவிக் முதலிய இரகங்களின் விதைகள் வரவழைக்கப்பட்டன. 1972 முதல் உழவர் வயல்களில் இது பரவலாயிற்று. 1980இல் பெங்களூரில் உருவான பி.எஸ்.எச். 1 என்னும் வீரிய ஒட்டு இரகம் வெளிவந்தபின் கருநாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய பகுதிகளின் கரிசல் நிலங்கள் மஞ்சள் பூத்தன. பகற்பொழுதின் நீளம் இப்பயிரைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஆகவே ஈரம் இருந்தால் எப்பருவத்திலும் விதைக்கலாம். ஏறத்தாழ மூன்று மாதங்களில் அறுவடைக்கு வந்து விடும். வானம் பார்த்த பூமியில் வாழ்வோர்க்கு இது சிறிய வசதி அன்று.

சோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, முதிய உழவர் ஒருவர் தட்டுப் போன்ற பூத்தலை ஒன்றை நம் கையில் கொடுத்து, நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அங்கே விதைகள் வெறும் தோலாகவே இருந்தன. “உரம் போட்டேன், நீர் பாய்ச்சினேன், எங்கே போயிற்று பருப்பு?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை இம்மலரின் அமைப்பிலேயே இருக்கிறது. நாம் ஒரு பூ என்று கருதுவது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். விளிம்பில் உள்ளவை முதலில் மலரும். நாள்தோறும் வட்டம் வட்டமாக உள்நோக்கி மலர்ச்சி நகர்ந்து, ஒரு வாரத்திற்குமேல் நீடிக்கும். ஒவ்வொரு சிறு பூவிலும் மகரந்தம் முதலில் வெளிப்படும். சூல்முடி பின்னரே விரியும். பல இரகங்களில் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் இயல்பும் குறைவு. ஆகவே தேனீ வந்தாக வேண்டும். தேனீ இல்லையேல் பொக்கு விதைதான். பூத்திருக்கும் காலத்தில் காலைவேளையில் பூச்சிமருந்து தெளிப்பவர், தம் பயிருக்கு உழைக்க வந்த கூலியாட்களைத் தாமே விரட்டுகின்றனர். தேனீ அருகிய இடங்களில், கையில் மெல்லிய துணியைச் சுற்றிக் கொண்டு, காலை 9 மணிக்குமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் பூத்தலைகளை மெல்லத் தேய்த்து விடுதல் நல்ல பலன் தரும். தேனீ ஆராய்ச்சிக்கென்றே 1962 முதல் ஒரு மத்திய நிலையம் இந்தப் புணேயில்தான் இருக்கிறது என்பதை, இந்நகரத்தவருள்ளேயே பலர் அறியார்.

புணேக்கு இப்பயிருடன் வேறோர் உறவும் உண்டு. அது பெருமைக்குரியது அன்று. பார்த்தீனியம் என்னும் களை இந்நாட்டில் பரவத் தொடங்கியதைத் தாவரவியலார் 1950களின் நடுவில் கண்டு பதிந்தது இந்நகரத்தில்தான். நம் அலுவலகச் சுவரோரத்தில்கூட அது வெண்ணிறப் பூவுடன் செழித்து நிற்கிறது. 1997இல் கருநாடகத்தில் சூரியகாந்தியின் இலையும் தண்டும் கருகித் தலை வளைந்து போகும் நோய் ஒன்று தோன்றியது. அதற்குக் காரணமான நச்சுயிரியைப் பார்த்தீனியம் தன்னிடத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் தாங்கி நிற்கிறது என்றும், அதன் மகரந்தத்தை இலைப்பேன்கள் பயிருக்குச் சுமந்து செல்கின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

நோய் ஒருபுறம், மலிவாக இறக்குமதியான எண்ணெய் மறுபுறம், மகாராஷ்டிரத்தில் சோயாமொச்சையின் போட்டியும் சேர்ந்தது. 1993-94இல் நாடெங்கும் சுமார் 26 இலட்சம் எக்டரில் விளைந்த பயிர், 2020-21இல் மூன்று இலட்சம் எக்டரையும் எட்டவில்லை. விதை தந்த நாட்டாரிடமே இன்று எண்ணெய்க்காகக் கையேந்துகிறோம். 2022இல் உக்ரெயினில் போர் மூண்டவுடன், இங்கே நம் சமையலறையில் எண்ணெய் விலை ஏறியதை இல்லத்தரசியர் மறந்திருக்கமாட்டார்.

மீண்டும் இதைப் பயிரிட எண்ணுவோர் வயலைச் சுற்றிச் சில வரிசை சோளம் விதைத்து வைத்தால், இலைப்பேனின் வரவு ஓரளவு தடைப்படும். கிளிகளுக்கும் காவல் வேண்டும். பூத்தலையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறியதும் அறுத்து, நன்கு உலர்த்தியபின் அடிக்கலாம். பார்த்தீனியத்தை மட்டும், வரப்பிலாயினும் சாலையோரத்திலாயினும், அது பூப்பதற்கு முன்பே வேருடன் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கும்போது கைக்கு உறை அவசியம், ஏனெனில் அதன் தீண்டல் பலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும்.