இராத் தூக்கமும் தேக சுகமும்
(பால் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



கணக்குப் புத்தகங்களைப் பற்றியே பேசும் வழக்கமுடைய நான் இன்று தூக்கத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். ஆயினும் உங்களில் பெரும்பாலோர் விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து பால் கறப்பவர்கள். வயது வந்தவருக்கு இரவில் ஏழு மணி நேரத்திற்குக் குறையாத நித்திரை அவசியமென்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். அவ்வாறாயின் ஒன்பதரை மணிக்கே கண்ணயர்ந்திருத்தல் வேண்டும். பத்தரைக்குப் படுப்பவர் தினம் ஒரு மணி நேரம் இழக்கிறார். வாரம் ஒன்றில் அது ஓர் இராத் தூக்கம் முழுவதற்கும் சமானம். தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் தட்டை கொடுப்பவர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் விரல் போய்விடும்.

தூக்கத்தை வருவிக்க நம் சரீரத்தில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்ந்து சோர்வை உண்டாக்குகிறது, இது ஒன்று. மற்றொன்று உடலுக்குள் இருக்கும் கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணிற் படுவதால் அது தினந்தோறும் திருத்தப்படுகிறது. உயிரணுக்களுக்குள் அக்கடிகாரம் நடக்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017-ம் வருஷத்தில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எனவே எழும் நேரம் தினமும் ஒன்றாக இருப்பதே நல்ல தூக்கத்திற்கு முதற்படி. மாடு ஞாயிற்றுக்கிழமையென்று விடுமுறை கொடுப்பதில்லையாதலால் இவ்விஷயத்தில் உங்களுக்குக் குறையில்லை. குறையெல்லாம் படுக்கும் நேரத்திலேதான்.

மாலைப் பாலை ஊற்றிவிட்டு ஆறு மணிக்குக் கடையில் அருந்தும் டீயைக் கவனியுங்கள். அதிலுள்ள காபீன் என்னும் சத்து, மூளை அடினோசினை உணராதபடி தடுப்பது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சென்ற பின்னும் அதில் பாதி உடலில் நிற்கும். பகல் இரண்டு மணிக்குமேல் டீயும் காபியும் வேண்டாம். உண்டபின் அரை மணி நேரம் படுப்பது தவறன்று. நாலு மணி வரை உறங்குபவர் இராத் தூக்கத்தில் முன்பணம் வாங்கிவிட்டவராகிறார். மதுவோ முன்னிரவில் மயக்கிப் பின்னிரவில் எழுப்பிவிடும். கைப்பேசியின் வெளிச்சம் மெலடோனின் சுரப்பதைத் தாமதப்படுத்துகிறது. அதில் வரும் சண்டைகள் மனத்தையும் கிளறிவிடுகின்றன. அதைப் படுக்கைக்கு எட்டாத மாடத்தில் வையுங்கள்.

வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவள் பெண். பாத்திரம் துலக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் ஆண்மக்கள் கை கொடாத வீட்டில் நான் கூறும் ஒன்பதரை மணி அவளுக்கு எட்டவே எட்டாது. இதைக் கேட்டு ஆண்கள் பக்கம் ஒருவரும் தலையசைக்கக் காணோம்!

தரையில் பாய் விரித்துப் படுப்போர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின்கீழ் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. உறங்குபவரைத் தீண்டினால் வலிகூடப் பெரும்பாலும் தெரிவதில்லை. உரத்த குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வருபவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள், அது வியாதி. வைத்தியர் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்கலாகாது.

கடன் கவலையால் விழித்திருப்போரும் உளர். நள்ளிரவில் போடும் கணக்கு நேராவதில்லை. பகலில் காரியதரிசியிடம் சென்று பாக்கியையும் தவணைத் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். இயற்கைச் சேதமென்று அரசாங்கம் அறிவித்த வருஷத்தில், பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தர விதிகளில் இடமுண்டு. இதை அறியாமலே பலர் புரண்டுகொண்டிருக்கிறார்கள். இருபது நிமிஷமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் சற்றே உட்கார்ந்து, கண் சொருகும்போது மீண்டும் படுக்கலாம்.

பஞ்சாயத்துக் கூட்டங்களை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் வழக்கம் இச்சங்கத்தில் இருப்பதைத் தீர்மானப் புத்தகத்தில் கண்டேன். அடுத்த கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைக்குமாறு தலைவரவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.