வடபுலக் குளிரும் பகலுணவு நோன்பும்

இவ்வுரை கடல் கடந்து வாழும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சிறப்பாக உரியது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படித்து வெளியேறிய தலைமுறையினர் சிலர் இன்று இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் குடியமர்ந்துள்ளனர். தொலைபேசியில் தாய் கேட்கும் முதற்கேள்வி, "சாப்பிட்டாயா?" என்பது. அடுத்தது, "பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாயா?" என்பது. மார்கழித் திங்களில் இந்த இரண்டாம் கேள்விக்கு மகனோ மகளோ சற்றே மௌனமாகி வேறு பேச்சுக்குத் தாவினால், அதனை அறப்பற்றின் குறைவென்று தாய் எண்ணி வருந்துகிறாள். குறை பிள்ளையிடம் இல்லை. அந்நாட்டு வானம் அப்படிப்பட்டது.

தொல்காப்பியம் பெரும்பொழுதினை ஆறாக வகுத்தது. மழையும் பனியும் வெயிலும் மாறினாலும் தமிழ்நிலத்தில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. விழுப்புரத்தில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டின் எந்நாளிலும் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையிலேயே அமைகிறது. ஆகவே, இரவுண்ணாமை என்னும் நோன்பு இங்கே ஆண்டு முழுவதும் ஒரே நோன்பாக இருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லெஸ்டர் நகரிலோ, டிசம்பர் நடுவில் கதிரவன் காலை எட்டேகால் அளவில் எழுந்து மாலை நான்கு மணி அடிப்பதற்கு முன்னரே மறைந்துவிடுகிறான். ஜூன் இறுதியில் அவன் மறைவது இரவு ஒன்பதரை மணிக்கு. குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கோடைப்பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மிகுதி. பெயரளவில் ஒன்றாக இருக்கும் நோன்பு, அங்கே கோடையில் ஒன்றும் குளிரில் மற்றொன்றுமாக இரண்டாகிவிடுகிறது.

லெஸ்டர் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய குசராத்திச் சமணர் பலர் அங்கு வாழ்கின்றனர். பழைய கிறித்தவ வழிபாட்டுக் கூடம் ஒன்றை வாங்கிப் பளிங்கு முகப்பு அமைத்து அவர்கள் ஆக்கிய ஜினாலயத்தில் 1988-ஆம் ஆண்டு பிரதிட்டை நடைபெற்றது. திகம்பரர், சுவேதாம்பரர் ஆகிய இரு பிரிவினரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இடம் அது.

கதிர் எழுந்து இரண்டு நாழிகை கழிந்த பின்னர் உண்ணத் தொடங்கி, மறைவதற்கு இரண்டு நாழிகை முன்னரே முடிப்பது நோன்பாளரின் கடுநெறி. இரண்டு நாழிகை என்பது நாற்பத்தெட்டு நிமிடம். லெஸ்டரின் மார்கழியில் இக்கணக்கின்படி காலை ஒன்பது மணிக்கு வாய் திறந்து பிற்பகல் மூன்று மணிக்கு மூட வேண்டும். அந்நாட்டுப் பள்ளிகளோ மூன்று மணிக்கும் மூன்றரைக்கும் இடையில்தான் விடுகின்றன. பள்ளியிலிருந்து பசியோடு குளிரில் நடந்து வரும் குழந்தை வீட்டு வாயிலை அடையும்போது நோன்பின் வாயில் அடைபட்டிருக்கிறது. மறுநாள் ஒன்பது மணி வரை பதினெட்டு மணி நேரம். வளரும் குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர்க்கும் இது விளையாட்டன்று.

அறநூல்கள் இல்லறத்தார்க்கு வகுத்தது அணுவிரதம், மாவிரதம் துறவியர்க்கு. தத்தம் ஆற்றலுக்கேற்ப ஏற்பதே சிராவகரின் முறை. எனவே, அங்கே வாழும் குழந்தைக்குக் கடுநெறியின் இரண்டு நாழிகையைக் கணக்கிடாமல், கதிர் மறையும் நேரத்தையே எல்லையாகக் கொள்வது போதும். பள்ளி வாயிலுக்கே தாய் சூடான உணவுப் பாத்திரத்துடன் சென்றால் அந்த அரைமணி நேரம் வீணாகாது. ஊசி மருந்து கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றுதல் அறவே கூடாது.

பெரியவர்களுக்கான வழி வேறு. உணவின் அளவைக் குறைக்க வேண்டுவதில்லை. அதன் இடத்தை மாற்ற வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் இரவுணவே எல்லாரும் கூடியுண்ணும் உணவு என்னும் பழக்கம் அண்மையில் வேரூன்றிவிட்டது. வடபுலக் குளிரில் அந்தப் பெருமை நண்பகலுக்குத் திரும்ப வேண்டும். குளிர்காலத்தில் வயிற்றின் தீ வலுத்திருக்கும், ஆகவே நெய்ப்பும் கனமும் உள்ள உணவு செரிக்கும் என்பது சரகர் முதலான பழைய மருத்துவர்களின் கருத்து. தமிழரின் மார்கழிப் பொங்கலில் மிளகும் சீரகமும் நெய்யும் கூடியிருப்பதும் எள்ளுருண்டை அந்தப் பருவத்துக்கு உரியதாவதும் அக்கருத்தோடு ஒத்தவையே. அங்கே அலுவலகத்தில் நண்பகலில் இரண்டு ரொட்டித் துண்டுகளைக் கடித்துவிட்டு, வீடு திரும்பி எட்டு மணிக்கு வயிறார உண்பதுதான் ஊர் வழக்கம். அதனைத் தலைகீழாக்க வேண்டும். காலையில் ஓட்ஸ் கஞ்சியோ கம்பங்கூழோ. நண்பகலில் பருப்பும் காயும் நெய்யும் சேர்ந்த சோறு, சூடு தாங்கும் பாத்திரத்தில். மூன்றரை மணிக்கு ஒரு பிடி கடலையும் எள்ளும். அலுவலகத்தில் நாணாமல் பெரிய பாத்திரத்தைத் திறப்பவர்க்கே இந்நோன்பு கைகூடும்.

இனிக் காய்கறி. இங்குதான் இடர் மிகுதி. குளிர்நாட்டு மக்கள் பனிக்காலத்தைக் கடந்தது மண்ணுக்கடியில் விளைந்தவற்றால்: உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட், பார்ஸ்னிப், வெங்காயம். அவற்றையெல்லாம் விலக்கிய சமணர்க்கு எஞ்சுவது என்ன? 1888-இல் இலண்டன் சென்ற காந்தியடிகளின் நிலை நினைக்கத்தக்கது. ஊன் உண்ணேன் என்ற உறுதிமொழியை அவர் தம் தாயின் முன் ஏற்றபோது அதனை முன்னின்று செய்வித்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியே. காலையில் ஓட்ஸ் கஞ்சியால் வயிறு நிறைந்தாலும், மற்ற வேளைகளில் கீரையும் ரொட்டியும் பழப்பாகும் கொண்டு அரைவயிற்றோடு கிடந்தார் அவர். ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்த நாளில்தான் இங்கிலாந்தில் முதன்முறை வயிறார உண்டார். அவர்க்குக் கிழங்கு விலக்கும் இரவு விலக்கும் இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பாடு.

இன்றைய நிலை அத்தனை கடினமன்று. மண்ணுக்கு மேல் பனியைத் தாங்கி நிற்கும் காய்களும் அங்கு உண்டு. முட்டைக்கோசு, கேல் என்னும் சுருள் கீரை, பிரஸ்ஸல்ஸ் எனப்படும் குட்டிக்கோசு ஆகியவை உறைபனி பட்ட பிறகு இனிப்பு ஏறுபவை. கோசின் மடல்களைப் பிரித்துக் கழுவிப் பூச்சி பார்க்கும் வேலை மட்டும் விடாமல் செய்யத்தக்கது. செப்டம்பர், அக்டோபரில் அறுத்த மஞ்சள் பூசணி பிப்ரவரி வரை கெடாமல் இருக்கும். லீக் என்பது கீரைத்தண்டு போலத் தோன்றினாலும் வெங்காயத்தின் உறவு, கடையில் ஏமாறக்கூடாது. துவரை, பயறு, கொண்டைக்கடலை எல்லாம் எந்நாளும் கிடைக்கின்றன. ஊரிலிருந்து பெட்டியில் செல்லும் சுண்டைவற்றலும் மணத்தக்காளி வற்றலும் கொத்தவரை வற்றலும் அங்கே பொன்னுக்கு நிகர். காசுமீரத்து மக்கள் சுரைக்காயையும் கத்தரியையும் கோடையில் உலர்த்திப் பனிக்காலத்துக்கு வைப்பதும் இதே அறிவுதான். இஞ்சிக்குப் பதில் சுக்கு இருக்கிறது. பச்சை இஞ்சியை விலக்கியவரும் உலர்ந்த சுக்கை ஏற்பர். சமணரான காரியாசான் தம் நூலுக்கு ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டதை எண்ணினால், மருந்தாகும் வேருக்கும் உணவாகும் கிழங்குக்கும் உள்ள வேறுபாட்டைச் சமணர் முன்பே அறிந்திருந்தனர் என்று தோன்றும்.

உணவால் மட்டும் ஈடு செய்ய முடியாத குறை ஒன்றும் அங்கு உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை அந்நாட்டு வெயிலில் தோல் உயிர்ச்சத்து 'டி' உண்டாக்க இயலாது. கருநிறத் தோலுக்கு இது இன்னும் கடினம். அங்கே குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகள் எலும்பு வளைந்து துன்புற்றதனால், கிளாஸ்கோ நகரம் 1979-இல் அக்குழந்தைகளுக்கு இச்சத்தினை இலவசமாக வழங்கத் தொடங்கியது. இன்று அந்நாட்டரசு குளிர்காலத்தில் நாள்தோறும் பத்து மைக்ரோகிராம் கொள்ளுமாறு எல்லாருக்கும் அறிவுறுத்துகிறது. தெற்காசியர் ஆண்டு முழுவதும் கொள்வதைக் கருத வேண்டும் என்கிறது. மாத்திரை கொள்வது நோன்புக்கு இழுக்கன்று. ஆயினும் உறையைப் படிக்க வேண்டும். மென்கூடுகள் பல விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனவை. சத்தும் பெரும்பாலும் ஆட்டுமயிரின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. லைக்கன் என்னும் கல்பாசி இனத்திலிருந்து எடுத்த சத்தும் கடைகளில் கிடைக்கிறது. உயிர்ச்சத்து 'பி 12' பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

மாவுக்கு நாள் வரையறுத்த முறையும் அங்கே ஐயத்துக்கு இடமாகிறது. மழைக்காலத்தில் மூன்று நாள், வெயிலில் ஐந்து நாள், குளிரில் ஏழு நாள் என்பது திகம்பரர் வழக்கம். வெளியே பனி உறைந்திருப்பதால் ஏழு நாள் கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் வெப்பமூட்டிய அடுப்பங்கரையினுள் நிலவுவது குளிர்காலமன்று. மாவில் உயிர் தோன்றுவது மாவிருக்கும் இடத்தின் வெப்பத்தாலும் ஈரத்தாலுமே, நாட்காட்டியால் அன்று. காரணத்தைக் கணக்கிட்டால் ஐந்து நாளே ஏற்றது; குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஏழு.

மார்ச் கழிந்ததும் பகல் விரைந்து நீள்கிறது. தாயின் இரண்டாம் கேள்விக்கு அப்போது தயக்கமின்றி விடை வரும். கோடையின் இடர் நேர்மாறானது: ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதே என்று ஒன்பது மணிக்கு உண்டு உடனே உறங்கினால், நோன்பு பிழைக்கும், செரிமானம் பிழைக்காது. ஏழு மணிக்கு முடிப்பதே நன்று.

ஏப்ரல், மே திங்களில் அந்நாட்டு வயல்களில் பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வராத இடைவெளி ஒன்று உண்டு. மகாவீரர் பிறந்தநாள் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. அப்போது சந்தைக்கு முதலில் வருவனவற்றுள் ஒன்று அஸ்பராகஸ். தமிழ் மருத்துவம் நன்கறிந்த தண்ணீர்விட்டான் கிழங்கின் இனச்செடி அது. அங்கே உண்பது அதன் கிழங்கையன்று, மண்ணைப் பிளந்து மேலே வரும் தளிரை.