ஞாயிறு பெரிதா, சிறிதா?

(தசலட்சண விழாவின் இரண்டாம் நாளில் ஆற்றிய உரை)

 

இன்று உத்தம மார்தவ நாள். மார்தவம் என்பது செருக்கற்ற மென்மை. அதனை விளக்க இன்று வானத்தைத் துணைக்கு அழைக்கின்றேன்.

ஞாயிற்றின் விட்டம் ஏறத்தாழ 13 இலட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர். நம் புவியைப் போன்ற 109 கோளங்களை வரிசையாக வைத்தால்தான் அவ்விட்டம் நிரம்பும். கனஅளவில் ஞாயிறு 13 இலட்சம் புவிகளுக்கு ஒப்பாகும். புவியிலிருந்து நோக்குவோர்க்கு ஞாயிறு மிகப் பெரிது.

இனி, பஞ்சாங்கத்தில் நாம் காணும் நாண்மீன்களை நோக்குவோம். சுவாதியின் விட்டம் ஞாயிற்றின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு. உரோகிணியினுடையது ஏறத்தாழ 44 மடங்கு. கேட்டை, திருவாதிரை ஆகியவற்றினுடையது பல நூறு மடங்கு. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கல்சனும் பீஸும் திருவாதிரையின் விட்டத்தை அளந்தனர். ஞாயிறு இருக்கும் இடத்தில் திருவாதிரை இருந்திருப்பின், புதன், வெள்ளி, புவி, செவ்வாய் ஆகிய நான்கும் அதனுள் அடங்கிவிடும்.

அவ்வாறாயின் ஞாயிறு சிறிதா? அதுவும் முழு உண்மை அன்று. விண்மீன்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மங்கிய செந்நிறக் குறுமீன்கள். அவை ஞாயிற்றினும் சிறியன. ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள பிராக்சிமா சென்டாரியும் அத்தகையதே. அதன் விட்டம் ஞாயிற்றின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்களவே. ஆயினும், பெருநிறையுடன் பிறந்த திருவாதிரையின் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள். ஞாயிற்றுக்கோ ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். தன் எரிபொருளை மெல்லச் செலவிடும் அச்சிறு மீனோ இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேலும் ஒளிரும்.

ஞாயிறு பெரிது என்பதும் ஒரு நயம்; சிறிது என்பதும் ஒரு நயம். ஒன்றை மட்டும் பற்றி மற்றதை மறுப்பது ஏகாந்தம். இரண்டையும் அவ்வவற்றின் சார்பறிந்து ஏற்பதே அனேகாந்தம்.

இல்லங்களில் எழும் ஒரு வழக்கையும் இங்கே கூற வேண்டும். சம்புத்தீவிற்கு இரு ஞாயிறுகள் என்பது நம் ஆகம மரபு. இளையோர் அதனைப் பள்ளியில் கற்ற வானியலோடு ஒப்பிட்டு வினவுகின்றனர், முதியோர் சினக்கின்றனர். ஆகமம், உயிர் பிறவிதோறும் சுழலும் களத்தையும் அதனின்று விடுபடும் நெறியையும் உரைக்கின்றது. வானியல், கருவிகளால் அளந்ததை உரைக்கின்றது. இரண்டையும் வலிந்து ஒன்றாக்க வேண்டா. வினவும் பேரனை அதட்டி அடக்குதல் மார்தவம் அன்று. முன்னோரை எள்ளி நகைத்தலும் மார்தவம் அன்று. ஐயத்தை அஞ்சாது கேட்கும் இல்லத்திலேதான் நற்காட்சியும் நல்ஞானமும் வேர்கொள்ளும்.

கல்வி, குலம், செல்வம், வலிமை, உருவம் முதலியவற்றால் வரும் எண்வகைச் செருக்கை நம் அறநூல்கள் விலக்குகின்றன. அவற்றுள் ஒன்று நம் நெஞ்சில் தலைதூக்கும்போது, 'எதனோடு ஒப்பிட்டு நான் பெரியன்?' என்று வினவிக்கொள்வோம். அவ்வினாவே இன்றைய நோன்பின் பயனாகுக.