நியாயம் கேட்க நெஞ்சுரம் வேண்டும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. துணி துவைக்க வேண்டும், தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ போய்ச் சாமான் வாங்க வேண்டும், பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

இன்று நான் பேச வந்தது வேலை இடத்தில் நமக்கு வேண்டிய நெஞ்சுரம் பற்றி. நெஞ்சுரம் என்றவுடன் மேடையும் கொடியும் ஊர்வலமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவையெல்லாம் எப்போதாவது ஒருமுறை வருகிறவை. காலைப் பெரட்டிலும், கொழுந்து நிறுக்கும் தராசு முன்னாலும், சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடும் இடத்திலும் தினமும் வேண்டிய நெஞ்சுரம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தராசும் பென்சிலும்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைக் கண்டு எழுதினார். 1929-இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவரோடு சேர்ந்து இங்கே பெரிய அளவில் தேயிலை போட்டார். காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, கூடை சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் தாத்தா பாட்டிகள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இருந்த ஒரே இடம் செக்ரோல் புத்தகம். அந்தப் புத்தகம் யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் அவர்கள் வயிறும் இருந்தது.

நூறு வருடம் நெருங்குகிறது. கூடைக்குப் பதில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனால் எடை போடுகிற இடத்தில் ஒருவர் எழுதுகிறார், மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்ற ஏற்பாடு மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மழை நாளில் கொழுந்தில் ஈரம் இருக்கும், அதற்காகக் கொஞ்சம் கழிப்பார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. வெயில் நாளிலும் அதே கழிவு தொடர்ந்தால்? ஒரு நடைக்கு 2 கிலோ, ஒரு நாளைக்கு 4 நடை, மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு 200 கிலோ போகிறது. ஒரு கும்பலில் 20 பேர் என்றால் 4,000 கிலோ. ஒரு நடைக்கு 2 கிலோ என்று கேட்டால் "இதுக்குப் போயா சண்டை?" என்போம். 4,000 கிலோ என்று கேட்டால் தூக்கம் வராது. அநியாயம் பெரும்பாலும் இப்படிச் சிறு அளவில்தான் வருகிறது. அதனால்தான் வாய் திறப்பது கடினமாக இருக்கிறது.

இப்போது அந்தத் தராசு முன் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நம் பிள்ளைகள் பலர் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, இந்தியா என்று ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான் அதிகம். பென்சில் பிடித்திருப்பது பல இடங்களில் நம்மவர் கை. அன்று கிராணியும் கங்காணியும் நம் தாத்தாவை எந்தக் குரலில் கூப்பிட்டார்களோ, அதே குரலில் நாம் வங்காளத் தம்பியைக் கூப்பிடுகிறோமா? இந்தக் கேள்விக்கு அவரவர் மனதில் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

முன்னால் போனவர்கள்

நம் வரலாற்றிலிருந்து சிலரை நினைவுபடுத்துகிறேன்.

1936-இல் மார்க் அந்தோனி பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் இலங்கையில் மடுல்கலை பக்கம் ரெலுகாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தார். துரையாகப் போக வேண்டியவர். தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்தார், அவர்களோடு பழகினார், அவர்கள் பக்கம் பேசினார். வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமார்களின் நடத்தையை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே மாதம் அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி ஆளுநர் உத்தரவு போட்டார். அந்த உத்தரவு செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல் தட்டில் பிறந்தவர், தன் சௌகரியத்தை விட்டு நியாயத்தின் பக்கம் நின்றார். "நான் கிராணி, நான் மண்டோர், எனக்கு வேறு வழியில்லை" என்று சொல்பவர்கள் இந்த இளைஞரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 1941-இல் கிள்ளான் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன் நின்றார். கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடையை மூடுவது. இவற்றோடு இன்னும் இரண்டு இருந்தன. நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சம்பளத்தோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று நீங்கள் மோட்டார் சைக்கிளில் மேனேஜர் பங்களாவைத் தாண்டிப் போகிறீர்கள், யாரும் இறங்கச் சொல்வதில்லை. அந்த உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அடுத்தது ஐரின் பெர்னாண்டஸ். ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளரின் மகள். தெனாகானிதா அமைப்பை நடத்தியவர். தடுப்பு முகாம்களில் இருந்த 300-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் பேசி, அங்கே நடந்த கொடுமைகளை 1995-இல் மனுவாக வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பினார் என்று 1996-இல் அவர் மேல் வழக்கு. 2003-இல் 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2008-இல்தான் மேல்முறையீட்டில் விடுதலையானார். பன்னிரண்டு வருடம் நீதிமன்றப் படியேறினார். யாருக்காக? ஓட்டு இல்லாதவர்களுக்காக, நம் மொழி பேசாதவர்களுக்காக. 2014-இல் அவர் மறைந்தார்.

அதே தெனாகானிதா, மருந்து தெளிக்கும் தோட்டப் பெண்களின் நிலை பற்றி 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்றதையும் கண் எரிந்ததையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் வெட்கப்படாமல் வெளியில் சொன்னார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசாங்கம் அந்த வருடமே அறிவித்தது. 2006-இல் பின்வாங்கியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுத் தடை வந்தது. பதினெட்டு வருடம் ஆனாலும் வந்தது. முதலில் வாய் திறந்த பெண்கள் இல்லாமல் அது வந்திருக்காது.

மூணாறு சொல்லும் பாடம்

கேரளாவின் மூணாறு மலை நம் மலையைப் போலவே இருக்கும். அங்கே கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடு என்று கம்பெனி அறிவித்தது. முந்திய வருடம் கிடைத்தது அதைவிட மிக அதிகம். பெண்கள் 20 விழுக்காடு கேட்டார்கள். தினக்கூலி 232 ரூபாயை 500 ஆக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். "பெம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெண்களின் ஒற்றுமை என்று பொருள்.

அவர்கள் கோபம் கம்பெனியோடு நிற்கவில்லை. பல வருடம் சந்தா வாங்கிய தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடவில்லை. "நாங்கள் ஒரே அறை லயத்தில் கிடக்கிறோம், நீங்கள் நிர்வாகத்திடம் சலுகை வாங்கிக்கொண்டு வசதியாக இருக்கிறீர்கள்" என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் என்ன செய்யும்? பயிரே எழுந்து நின்றது. ஒன்பதாம் நாள் பேச்சுவார்த்தையில் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆனது. 500 கிடைக்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். முன் நின்ற பெண்களுக்குள் பிளவு வந்தது. கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. அந்த ஒற்றுமை பழைய பலத்தோடு நிற்கவில்லை. ஒன்பது நாள் சாலையில் உட்காரும் துணிச்சல் இருந்தது. அந்தத் துணிச்சலைக் காப்பாற்ற மாதம் ஒரு கூட்டம், பொதுவில் காட்டும் கணக்கு, மாற்றக்கூடிய பொறுப்பாளர்கள் என்ற ஒழுங்கும் வேண்டும். நமக்கு அது பெரிய பாடம்.

தலைவர் யார்?

தலைமை என்பது சங்கச் செயலாளருக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். பத்துப் பேரை வேலை வாங்கும் மண்டோர் ஒரு தலைவர். எடை எழுதும் கிராணி ஒரு தலைவர். லோரி ஓட்டுநர், கோயில் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் எல்லோரும் தலைவர்கள்தான். இவர்களை அளக்க மூன்று கேள்விகள் போதும். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறாரா? தனக்கு வேண்டியவருக்கும் வேண்டாதவருக்கும் ஒரே சட்டம் வைக்கிறாரா? மேலிடத்தில் நல்ல பெயர் எடுக்கக் கீழே உள்ளவனைக் காட்டிக் கொடுக்கிறாரா?

நீங்கள் மண்டோராக இருந்தால் ஒன்று செய்யுங்கள். தராசின் முள்ளோ எண்ணோ எடுத்தவர் கண்ணுக்குத் தெரியும்படி திருப்பி வையுங்கள். எழுதுவதற்கு முன் கிலோவை உரக்கச் சொல்லுங்கள். கழிவு எவ்வளவு, எதற்கு என்று காலையிலேயே பெரட்டில் அறிவித்துவிடுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பயம் இருக்கத்தான் செய்யும்

"பேசினால் வேலை போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும்." இந்தப் பயம் பொய்யில்லை. தோட்ட வீட்டில் இருப்பவருக்கு வேலையும் கூரையும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் நெஞ்சுரத்தோடு நிதானமும் வேண்டும்.

முதலாவது, எழுதி வையுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் தேதி, நடை, கிலோ மூன்றையும் தினமும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதை ஒன்றுகூட எறியாதீர்கள்.

இரண்டாவது, தனியாகப் போகாதீர்கள். குறைந்தது மூன்று பேர் சேர்ந்து போங்கள். முதலில் மரியாதையோடு பேசுங்கள், பிறகு கடிதமாகக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று 1955 வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. சம்பளப் புகாரைத் தொழிலாளர் இலாகாவில், அதாவது ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில், வழக்கறிஞர் இல்லாமலே கொடுக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளியும் கொடுக்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கி 2025-இல் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. கிலோ கணக்கில் வேலை செய்பவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். காரணமின்றி வேலை நீக்கினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் முதல் சட்டத்தில் இருக்கிறது.

நான்காவது, பேசியவரைத் தனியாக விடாதீர்கள். நியாயம் கேட்டவருக்கு ஒரு மாதம் வேலை குறைந்தால் லயத்தில் உள்ள வீடுகள் ஆளுக்கு ஒரு படி அரிசி கொடுக்க முடியாதா? கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்கிற நாம் இதற்கும் ஓர் உண்டியல் வைக்க முடியாதா? நம்மில் பலர் வாய் மூடி இருப்பது முதலாளிக்குப் பயந்து மட்டுமல்ல. பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் கூட முகம் திருப்பிக்கொள்வார் என்ற பயமும் அதில் பாதி. அந்தப் பாதியை நாமே நீக்கிவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "நமக்கு எதுக்கு வம்பு" என்று வீட்டில் அடிக்கடி சொல்கிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளை அவர்கள் தொழிற்சாலையில், அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போவார்கள். அங்கே ஒரு தவறைப் பார்க்கும்போது அவர்களுக்கு நினைவில் வருவது நாம் வீட்டில் சொன்ன சொல்தான்.

நாளைக் காலை பெரட்டு இருக்கிறது, தராசும் இருக்கும். உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு, அவர் தமிழராக இருந்தாலும் வங்காளியாக இருந்தாலும், ஒரு கிலோ குறைத்து எழுதப்படுவதைக் கண்டால், "அண்ணே, இன்னொரு தடவை நிறுத்துப் பாருங்க" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குவோம்.