இரண்டு பக்கமும் சரிபாதி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் பீனோலுக்குப் பெரிக் குளோரைட்டு விட்டு ஊதா நிறம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1934இல் நோர்வேயில் வைத்தியர் ஃபோலிங் அதே கரைசலை இரு பிள்ளைகளின் சிறுநீரில் விட்டார். பச்சை நிறம் வந்தது. பிள்ளைகளின் புத்தி ஏன் வளரவில்லை, ஏன் இந்த மணம் என்று வைத்தியர் வைத்தியராக அலைந்த தாய்க்கு அன்றுதான் விடை தெரியத் தொடங்கியது. அந்நோயை இன்று பினைல்கீற்றோனூரியா என்கிறோம்.

நாம் உண்ணும் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றை மாற்ற நொதியங்கள் வேண்டும். ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைந்தால், பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கும். சிலருக்கு வலிப்பும் வரும். அந்த இரு பிள்ளைகளுக்கும் விடை பிந்திவிட்டது. 1950களில் உணவுச் சிகிச்சையும், 1960களில் குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் நோயைக் காணும் சோதனையும் வந்தன. பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவைக் கவனித்தால், அப்பிள்ளைகளும் மற்றவர்களைப்போல் படித்து வளர்கிறார்கள்.

லைசின் என்னும் அமினோ அமிலத்திலும் இப்படி ஒரு குறை உண்டு. பெரும்பாலும் பிறந்த சில நாட்களுக்குள் வலிப்பு வரும். வழமையான மருந்துகளுக்கு அடங்காது. விற்றமின் பீ6 கொடுத்தால் அடங்கும். காரணமான பரம்பரையலகு 2006இல்தான் தெரியவந்தது. ஆகவே பச்சைக்குழந்தையின் வலிப்பு அடங்காதபோது, வைத்தியர்கள் நாங்கள் இதையும் நினைத்துப் பார்க்கிறோம்.

வலிப்புள்ள பிள்ளைகளில் மிகச் சிலருக்கே இந்நோய்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ, தாமாக விற்றமின் கொடுக்கவோ வேண்டாம். ஆனால் குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், தாய் தகப்பன் சொந்தத்துக்குள் முடித்தவர்களாக இருந்தால், மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. பிள்ளைக்கு வருத்தம் என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் கேட்பது, "தாய்வழியில் யாருக்கும் இருந்ததோ?" என்பதுதான். இவ்விரு நோய்களும் வர, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள பரம்பரையலகு வரவேண்டும். இருவரும் சுகதேகிகளாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு பக்கமும் சரிபாதி.

நாம் இன்று உலகெங்கும் மாமிமாராகவும் அம்மம்மாமாராகவும் இருக்கிறோம். அப்படி ஒரு தாய் எம் முன்னால் அழுதுகொண்டு இருந்தால், குற்றம் தேடாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளுடன் வைத்தியசாலைக்குப் போவோம். இந்தப் பள்ளிக்கூடம் எம்மைப் படிப்பித்தது அதற்கும்தான்.