அந்தி வானில் தன்னுரு

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாக் குன்றுக்கு வடக்கே பிதுரங்கலப் பாறை நிற்கின்றது. மாலை வேளைகளில் அதன் உச்சியேறித் தம் நிழலுருவைத் தாமே படம்பிடிப்போர் பலர். 1759ஆம் ஆண்டில் பிரான்சின் நிதியமைச்சராயிருந்த சிலுவெட் என்பாரின் பெயரே மேனாட்டு மொழிகளில் இக்கரிய உருவங்களுக்கு நிலைத்துவிட்டது. முகந்தெரியாப் படம் ஆளைக் காட்டுமோ என ஐயுறலாம். தொலைவில் வரும் மகனைத் தாய் நடையாலன்றோ அறிகின்றாள்!

கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒளியளவை வானத்துக்கேற்ப அமைத்தால் ஆள் தானே கறுத்துவிடும். பக்கவாட்டில் திரும்பி, கைகளை உடலினின்று விலக்கி நிற்கவேண்டும். இல்லையேல் மனிதன் மூட்டையாவான். சிகிரியாவையும் சூரியனையும் ஒருசேரப் பின்னே வைக்க விழைவோர் ஏமாறுவர்: அங்கிருந்து நோக்கக் குன்று தெற்கே, கதிரவன் மேற்கே.

நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இந்நாட்டில் கதிரவன் ஏறக்குறைய நெட்டாக இறங்குவதால் அந்தியொளி அரைமணிக்குள் மங்கும். அவசரம் அங்கேதான் பிறக்கின்றது. திரையை நோக்கியவாறே பின்னடி வைப்பவருக்குப் பாறை விளிம்பு புலப்படாது. விசையை அழுத்திவிட்டு ஓடுதலும் ஆகாது. விளிம்புக்கு எட்ட நின்று, நிற்குமிடத்தை வெளிச்சமிருக்கையிலேயே சிறு கல்லால் குறித்துக்கொள்வது நன்று. இறங்கும் வழியில் பெரும்பாறை இடுக்குகள் உண்டு, கைவிளக்கின்றி ஏறலாகாது.